தட்டுப் பவளத்தைக் கடித்த கிளிமீன்

தென்கடலில் ஒரு பவளத்திட்டு. அதன் உச்சியில் பச்சைமுத்து என்ற கிளிமீன் தன் கூட்டத்தோடு வாழ்ந்தான்.

உடம்பு பச்சை. துடுப்பு நீலம். கன்னத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. வாய் மட்டும் கிளியின் மூக்கு. அந்த மூக்கால் பாறையைச் சுரண்டிப் பாசி தின்பான். பாசியோடு பவளமும் கொஞ்சம் வரும். தின்ற கல் வயிற்றில் அரைபட்டு, பின்னால் வெள்ளை மணலாக விழும். கிளிமீன் பிழைப்பே அதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் பின்னால் வருகிறது.

திட்டின் நடுவில் தேர் அளவுக்கு ஒரு பந்துப் பவளம் உருண்டு நின்றது. பச்சைமுத்து வளர்ந்தது அதன் நிழலில்தான். அவனுக்கு முன்னால் அவன் அப்பனும் அங்கேதான் வளர்ந்தான்.

திட்டுக்கு வெகு கீழே, நாற்பது ஆள் உயர ஆழத்தில், ஒரு பாறை மடிப்பு இருந்தது. நடுப்பகலிலும் அங்கே அந்தி வெளிச்சம்தான். மேலே இருந்தவர்கள் அதற்கு இருட்டுக் குழி என்று பேர் வைத்திருந்தார்கள். யாரும் போய்ப் பார்த்ததில்லை.

பச்சைமுத்து இளவட்டமாக இருந்தபோது, குழியிலிருந்து ஒரு சங்கரா மீன் பாதி ஆழம் வரைக்கும் ஏறி வந்தாள். அங்கே மேய இறங்கியிருந்த கூட்டம் அவளைப் பார்த்தது. சங்கரா சிவப்பு மீன். ஆனால் அந்த ஆழத்தில் சிவப்பு எடுபடாது. பார்க்கக் கரிச்சட்டி மாதிரி இருந்தாள்.

"பேர் என்ன?" என்றான் பச்சைமுத்து.

"செங்கமலம்."

"வெச்சவங்க கண்ணைத் திறந்துகிட்டுதான் வெச்சாங்களா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. செங்கமலம் சிரிக்கவில்லை.

"உங்க பந்துப் பவளத்தோட குஞ்சு ஒண்ணு மிதந்து வந்து எங்க பாறையில ஒட்டியிருக்கு. பிழைச்சுக்கிச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. எங்களுக்கு மேலே மலை மாதிரி நிக்குது."

அவள் திரும்பிப் போய்விட்டாள். பச்சைமுத்து அன்றைக்கே அதை மறந்தான்.

பதினோரு வருஷம் போனது.

அந்த வருஷம் கோடை முடியவே இல்லை. கடல் சூடேறியது. காலையில் வெதுவெதுப்பு, மதியம் தாங்க முடியாத சூடு. பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. முதலில் பூப் பூத்த மாதிரி அழகாகத்தான் இருந்தது. அப்புறம் செத்தன. தேர் மாதிரி நின்ற பந்துப் பவளமும் வெளுத்துச் செத்தது.

பச்சைமுத்தின் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

"இனிமே இங்கே இருந்தா வெந்துதான் சாகணும்" என்றாள் அவன் மனைவி அரளி. "கீழே போவோம்."

"அந்தக் குழிக்கா?"

"வேற எடம் தெரிஞ்சா சொல்லுங்க."

அவனுக்குத் தெரியவில்லை. இறங்கினார்கள்.

இறங்க இறங்க நிறம் கழன்றது. முதலில் கன்னத்து ரோஜாக் கோடு போனது. அப்புறம் மஞ்சள். கடைசியில் பச்சையும் நீலமும் மங்கி, பச்சைமுத்து சாம்பல் பூசினவன் மாதிரி ஆனான். தன் துடுப்பைத் தானே திருப்பிப் பார்த்தான். யாருடையதோ மாதிரி இருந்தது.

குழியில் ஒன்றுமே இருக்காது என்று நினைத்திருந்தான். போய்ப் பார்த்தால் நெரிசல். ஆள் உயரத்துக்குக் கடல் விசிறிகள். சவுக்கு மாதிரி நீண்டு ஆடும் பவளங்கள். பானை பானையாகக் கடல்பஞ்சுகள். ஒவ்வொரு பானைக்குள்ளும் இறால் குடும்பம். கூடை முடைந்த மாதிரி கை சுருட்டிய நட்சத்திர மீன்கள். பேர் தெரியாத குட்டி மீன்கள் ஆயிரம். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. மேலே ஊரே வெந்துகொண்டிருக்க, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எதிரே கரிச்சட்டி மாதிரி ஒரு மீன் வந்தது. அந்த மடிப்புக்கு இப்போது அவள்தான் தலைவி.

பச்சைமுத்துக்கு அடையாளம் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை பேரு?" என்றாள் செங்கமலம்.

"ஒன்பது."

"அந்தப் பஞ்சுக்குப் பக்கத்துல எடம் இருக்கு. தங்கிக்குங்க."

பழசை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"ஒரு விஷயம்" என்றாள். "இங்கே வெளிச்சம் கம்மி. எல்லாம் மெதுவாத்தான் வளரும். விழுறதைத் தின்னுங்க. நிக்கிறதைத் தின்னாதீங்க. இங்கே எல்லாருக்கும் அதுதான் கட்டுப்பாடு."

மேலிருந்து எப்போதும் ஏதோ விழுந்துகொண்டே இருக்கும். செத்த பாசி, செதில், துணுக்கு. அதைத்தான் அத்தனை பேரும் தின்றார்கள். அந்தத் துணுக்கு பவளங்களின் மேலும் படியும். படிந்தால் பவளம் மூச்சு முட்டிச் சாகும். பெருக்கித் தள்ள ஒருவன் வேண்டும். அந்த வேலை ஒத்தைக்கொடுக்கன் என்ற நண்டுக்கு. ஒரு சண்டையில் ஒரு கொடுக்கு போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பெருக்குவான். யாரோடும் அதிகம் பேச மாட்டான்.

மடிப்பின் ஓரத்தில் சாண் அகலத்துக்குத் தட்டையாக ஒரு பவளம் விரிந்திருந்தது. ஒத்தைக்கொடுக்கன் அதை மட்டும் நாளுக்கு இரண்டு தடவை பெருக்குவான்.

"அது என்ன அப்படி விசேஷம்?" என்று பச்சைமுத்து ஒருநாள் கேட்டான்.

"பெருக்கச் சொன்னாங்க. பெருக்குறேன்" என்றான் நண்டு.

ஒரு மாதம் ஓடியது. பச்சைமுத்துக்கு வாய் நமநமவென்றது. சுரண்டியே பழகின மூக்கு. துணுக்கு பொறுக்குவதற்கா அந்த மூக்கு? அதுவும் அடுத்தவன் எச்சில் மாதிரி மிதந்து வருவதை வாயைத் திறந்துகொண்டு வாங்குவதா? மேலே தான் யார், இங்கே தான் யார்? இப்படியே நினைத்து நினைத்து வயிற்றெரிச்சலோடு திரிந்தான்.

ஒரு மதியம் எல்லாரும் ஓய்ந்து கிடந்தார்கள். நண்டு பெருக்கிவிட்டு அப்பால் போயிருந்தான். தட்டுப் பவளம் சுத்தமாக இருந்தது. அதன்மேல் மெல்லிய பசுமை ஓடியது.

ஒரு வாய் தானே, என்று நினைத்தான் பச்சைமுத்து. மேலே கடித்தால் அடுத்த மாசமே ஆறிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?

ஒரு வாய் கடித்தான். நறுக்கென்று உடைந்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! இன்னொரு வாய் கடித்தான். அதற்குமேல் எண்ணவில்லை. நிமிர்ந்தபோது சாண் அகலத்தில் கட்டைவிரல் அளவுதான் மிச்சம் இருந்தது.

சுற்றிப் பார்த்தான். யாருமில்லை. போய்ப் படுத்துக்கொண்டான்.

முதலில் பார்த்தது ஒரு இறால். அது போட்ட கூச்சலில் மடிப்பே திரண்டது.

செங்கமலம் வந்து பார்த்தாள்.

"இது என்னன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது" என்றாள். "இது மேல்திட்டுப் பந்துப் பவளம். அங்கே வெளிச்சம் கொட்டும், அதனால உருண்டு நிக்கும். இங்கே கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்கணுமேன்னு தட்டையா விரிச்சுக்கிட்டுப் படுத்துடும். மேலே இருந்தது பூரா செத்துப்போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். மறுபடி மேலே உண்டாகணும்னா இதோட குஞ்சு போய்த்தான் உண்டாகணும். சாண் வளர பதினோரு வருஷம் ஆச்சு."

பச்சைமுத்து கூட்டத்தின் பின்னால் நின்றான். எந்த நிழலில் வளர்ந்தானோ அதைத் தின்றிருக்கிறான். வயிறு கல்லாகக் கனத்தது. உள்ளே இருந்ததும் கல்தானே.

"யார் பண்ணது?" என்றாள் செங்கமலம்.



"இங்கே கல்லை உடைக்கிற அளவுக்குப் பலம் யாருக்கு இருக்கு?" என்றது ஒரு குரல். எல்லாக் கண்ணும் ஒத்தைக்கொடுக்கன் பக்கம் திரும்பியது.

"கொடுக்கா, நீயா?" என்றாள் செங்கமலம்.

"இல்லை."

"கடைசியா அந்தப் பக்கம் போனது யாரு? யாராச்சும் பார்த்தீங்களா? பச்சைமுத்து, உன் படுக்கை அங்கேதான் இருக்கு. நீ பார்த்தியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தன் கூட்டத்தில் மற்ற எட்டுப் பேரின் முகம் நினைவுக்கு வந்தது. சொன்னால் ஒன்பது பேரையும் வெந்நீருக்கே துரத்திவிடுவார்கள். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் பயந்தது தன் மானத்துக்காக.

"நண்டு அங்கேர்ந்து போறதைப் பார்த்தேன்" என்றான்.

அது பொய்யில்லை. நண்டு போனதைப் பார்த்தது நிஜம். பொய்யை விட மோசமானது அது.

ஒத்தைக்கொடுக்கன் அவனை ஒரு தடவை பார்த்தான். கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

அந்தக் கட்டுப்பாட்டை மீறினவன் மடிப்பின் விளிம்பைத் தாண்டிப் போக வேண்டும். விளிம்புக்கு அப்பால் வெறும் சரிவு, ஒளிய ஒரு பொந்து கிடையாது. சரிவில் எப்போதும் ஒரு களவா மீன் கிடக்கும், அடிமரம் விழுந்து கிடக்கிற மாதிரி. பக்கத்தில் ஏதாவது அசைந்தால் வாயைத் திறக்கும். திறந்ததும் மூடிவிடும். அவ்வளவுதான். மேலே நீந்திப் போக மீனால் முடியும். நண்டுக்கு அந்தச் சரிவுதான் வழி.

"கொடுக்கா, ரெண்டு நாள் தவணை. அப்புறம் விளிம்பைத் தாண்டிப் போயிடணும்" என்றாள் செங்கமலம்.

அந்த இரண்டு நாளும் ஒத்தைக்கொடுக்கன் பெருக்கினான். மிஞ்சின கட்டைவிரல் துண்டையும் விடாமல் பெருக்கினான். யாரும் அவனோடு பேசவில்லை.

பச்சைமுத்து சாப்பிடவில்லை.

"உடம்புக்கு என்ன?" என்றாள் அரளி.

"ஒண்ணுமில்லை."

"அந்த நண்டு பாவம். பார்த்தா பண்ற ஆள் மாதிரியா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தான்.

மூன்றாம் நாள் காலை ஒத்தைக்கொடுக்கன் புறப்பட்டான். பச்சைமுத்து படுத்திருந்த பஞ்சைக் கடந்துதான் விளிம்புக்குப் போக வேண்டும். கடக்கும்போது நின்றான்.

"உன் படுக்கைக்குக் கீழே வெள்ளை மணல் கிடந்துச்சு" என்றான். மெல்லிய குரல்தான். "அன்னிக்குச் சாயந்தரம் பெருக்கினேன். மறுநாளும் கிடந்துச்சு. மறுபடி பெருக்கினேன். இந்தக் குழியில வெள்ளை மணல் நான் பார்த்ததே இல்லை."

பச்சைமுத்து படுக்கையிலிருந்து எழுந்தான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா யார் நம்புவா? பழி வந்தவன் பேச்சு. அதோட, எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்தவன், நீயே சொல்லுவேன்னு ரெண்டு நாள் பார்த்தேன்." கொடுக்கை ஒரு தடவை உதறிக்கொண்டான். "துண்டுப் பவளத்தை யாரையாச்சும் பெருக்கச் சொல்லு. தூசி சீக்கிரம் ஏறும்."

போய்விட்டான்.

கூட்டம் விளிம்பில் நின்றது. யாரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. நண்டு முதல் காலை விளிம்புக்கு அப்பால் வைத்தான். இரண்டாவது காலை வைத்தான். சரிவில் அடிமரம் மெல்லத் திரும்பியது.

"நான்தான்" என்றான் பச்சைமுத்து.

யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல். மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை சொல்வதே பெரும்பாடு. இரண்டாம் தடவை உரக்கச் சொல்வது அதைவிடக் கொடுமை.

"நான்தான் கடிச்சேன்! நண்டை நிறுத்துங்க!"

கூட்டம் திரும்பியது. அரளி திரும்பினாள். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"நீயா?" என்றாள் செங்கமலம். "நீ பார்த்தேன்னு சொன்னியே."

"பார்த்தது நிஜம். கடிச்சது நான்."

"நண்டுமேல இரக்கப்பட்டுச் சொல்றான்" என்றது முன்னே நண்டைச் சந்தேகப்பட்ட அதே குரல். "மீன் எங்கேயாவது கல்லைக் கடிக்குமா?"

அந்த நேரம் பார்த்து பச்சைமுத்தின் வயிறு கலங்கியது. பயத்தில் கலங்கியது. அத்தனை பேர் முன்னால், அவன் பின்னாலிருந்து வெள்ளை மணல் பொலபொலவென்று கொட்டியது. பந்துப் பவளத்தின் பதினோரு வருஷம், ஒரு கைப்பிடி மணலாக, எல்லார் கண்ணுக்கு எதிரேயும் இறங்கிப் படிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஓடியிருப்பான்.

"கொடுக்கா, வா இந்தப் பக்கம்" என்று கத்தினாள் செங்கமலம்.

நண்டு பக்கவாட்டில் ஒரே ஓட்டமாக விளிம்பேறினான். அவன் விட்ட இடத்தில் களவாவின் வாய் மூடிற்று. தண்ணீர்தான் அகப்பட்டது.

மேலே ஏறிய ஒத்தைக்கொடுக்கன் யாரையும் பார்க்கவில்லை. நேராகத் துண்டுப் பவளத்துக்குப் போனான். பெருக்க ஆரம்பித்தான்.

செங்கமலம் பச்சைமுத்துக்கு எதிரே வந்தாள்.

"உன் கூட்டம் ஒண்ணும் பண்ணலை. அவங்க இருக்கட்டும். நீ மேலே போ."

"செத்த திட்டுக்கா?"

"ஆமா. தண்ணி இப்ப ஆறிடுச்சு. ஆனா பாறை பூராவும் பாசி முழ உயரத்துக்கு வளர்ந்து கிடக்குதாம். சுரண்ட ஆளில்லை. இந்தத் துண்டு பிழைச்சா என்னிக்காவது குஞ்சு விடும். அந்தக் குஞ்சு மேலே வரும். வந்து உட்கார வெறும் கல்லு வேணும். பாசியில உட்கார்ந்தா வழுக்கி விழுந்து செத்துடும். எங்க யாருக்கும் சுரண்டத் தெரியாது. உனக்குத்தான் மூக்கு இருக்கே. அதை வெச்சுக்கிட்டு ஏதாவது உருப்படியாப் பண்ணு."

தண்டனையா வேலையா என்று அவனுக்குப் புரியவில்லை. நண்டைப் பார்த்தான்.

"மன்னிச்சுடுப்பா" என்றான்.

"தூசி எழும்புது. தள்ளி நில்லு" என்றான் நண்டு.

பச்சைமுத்து தனியே ஏறினான். ஏற ஏற நிறம் திரும்பி வந்தது. பச்சை வந்தது, நீலம் வந்தது, ரோஜாக் கோடும் வந்தது. முன்னால் அதைப் பார்த்துப் பூரிப்பான். இப்போது, யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

திட்டு சுடுகாடு மாதிரி கிடந்தது. அவன் சுரண்ட ஆரம்பித்தான். பொழுது விடிந்தால் சுரண்டல், பொழுது சாய்ந்தால் படுக்கை. ஒரு வருஷம் சுரண்டினான். இரண்டு வருஷம் சுரண்டினான். மூக்கின் நுனி தேய்ந்தது. பந்துப் பவளத்தின் செத்த உடம்பைத்தான் முதலில் பாசிக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். ஒரு பொட்டுப் பாசி இல்லாமல் மழித்து வைத்தான். ஒன்றும் வரவில்லை. திரும்ப முளைத்த பாசியைத் திரும்பச் சுரண்டினான்.

மூன்றாம் வருஷம் ஒரு காலையில் அந்தக் கல்லின் உச்சியில் கடுகளவு ஒன்று ஒட்டியிருந்தது. மறுநாளும் இருந்தது. அடுத்த மாசம் மிளகளவு ஆனது. அடையாளம் தெரிந்தது. உருண்டுதான் இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளியே சுரண்டினான். பக்கத்தில் கடக்கும்போது வாயை இறுக்க மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். கீழிருந்து அரளியும் கூட்டமும் ஏறி வந்துவிட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"அது என்ன, சாமி முன்னால போற மாதிரிப் போறீங்க?" என்றாள் அரளி.

அவன் அடுத்த பாறைக்குப் போய்ச் சுரண்ட ஆரம்பித்தான்.

ஒருநாள் கீழிருந்து விருந்தாளி வந்தாள். பவளக் குஞ்சைப் பார்க்க வந்தாள். உச்சி வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் அவள் ஏறியபோது மொத்தத் திட்டும் வாயடைத்துப் போனது. அப்படி ஒரு சிவப்பு. நெருப்புத் துண்டு மாதிரி தகதகத்தது. மேலே இருக்கிற எந்த மீனிடமும் அந்த நிறம் கிடையாது. பிறந்ததிலிருந்து அவள் உடம்பில் இருந்த நிறம் அது.

செங்கமலம் பவளக் குஞ்சைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். பிறகு பச்சைமுத்துக்கு எதிரே நின்றாள்.

"ஒத்தைக்கொடுக்கன் கேட்கச் சொன்னான். தூசி ஏறாம பார்த்துக்கறியான்னு."

"பார்த்துக்கறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்." அவள் போகத் திரும்பினாள். பாதி திரும்பி நின்றாள். "பேரு வெச்சவங்க கண்ணைத் திறந்துகிட்டுதான் வெச்சாங்களா?"

பச்சைமுத்து தலை நிமிரவில்லை. அவள் இறங்கிப் போய், சிவப்பு கருத்து, கருப்பும் மறைகிற வரைக்கும் அப்படியே நின்றான்.

புகலிடம் தந்த இடத்தில் எதையும் அற்பமென்று கடிக்காதே. கடித்துவிட்டால், பழி அடுத்தவன் முதுகில் ஏறுமுன் உன் வாயாலேயே சொல்லிவிடு.